எலும்பை எடுத்த இடத்தில் என்ன வைப்பார்கள்?

மகளுக்குச் சடை பின்னும்போதுதான் முதலில் கவனித்தேன். 2022 டிசம்பர், பள்ளி விடுமுறை. அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு பக்கப் பின்னலை முடித்து மறு பக்கத்தை எடுப்பதற்குள் என் வலது கை கனத்துப் போனது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தன. கையைத் தொங்கவிட்டு உதறினேன், சரியாகிவிட்டது. “ஏம்மா நிப்பாட்டிட்டீங்க?” என்று பாதிப் பின்னலோடு திரும்பிப் பார்த்தாள். “கை தூங்கிடுச்சு” என்றேன்.

அந்தக் கை அதற்குப் பிறகு அடிக்கடி தூங்கியது. மரீன் பரேட்டில் பழைய வீவக அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். முகவரி என்னவாக இருந்தாலும் எங்கள் வாயில் அது காத்தோங்தான். ஈரத் துணி கோத்த மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிச் செருகுவது தினசரி வேலை. அது முடியாமல் போனது. குடை பிடித்தால் வலி. தொலைபேசியைக் காதில் வைத்தால் முழங்கையின் உள்பக்கம் சுண்டு விரல்வரை எரிச்சல். ஒரு கல்யாண விருந்தில் இலையில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே விரல்கள் சோர்ந்துவிட்டன. பக்கத்தில் இருந்த சித்தி, “என்னம்மா, பசியே இல்லையா?” என்று கேட்டார்.

நான் வானொலிப் படைப்பாளர். எங்கள் வேலையில் கைக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். பேச்சு வாயில் என்றால், நிகழ்ச்சி முழுவதும் விரல் நுனியில். செய்தி முடியும் நொடியில் ஃபேடரை மெல்லத் தள்ளிப் பாட்டை மேலே கொண்டுவர வேண்டும். ஒரு நாள் காலை நேரலையில் விரல் நகர மறுத்தது. இரண்டு விநாடி மௌனம். வானொலியில் அது நீண்ட நேரம். இடக்கையால் சமாளித்தேன். நேயர்கள் யாரும் கேட்கவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

தவறான மணிக்கட்டு

வீட்டுக்கருகே ஒரு மருந்தகத்தில் காட்டினேன். கணினியில் அதிகம் வேலை செய்வதால் மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறது என்றார்கள். பட்டை கொடுத்தார்கள். ஐந்து மாதம் இரவும் பகலும் கட்டிக்கொண்டேன். பயனில்லை.

இப்போது தெரிந்த ஒன்றை அப்போதே தெரிந்திருந்தால் அந்த ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கினால் பெரும்பாலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்தான் மரக்கும். எனக்கு மரத்தது மறு ஓரம், அதாவது சுண்டு விரல் பக்கம். கையை உயர்த்தினால் கூடியது, இறக்கினால் குறைந்தது. ‘கை வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னேனே தவிர, எந்த விரல், எந்த நிலையில் என்று நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனபோது நிபுணர் முதலில் கேட்டது அதைத்தான். பிறகு இரு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தி, முழங்கையை மடக்கி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். மூன்று நிமிடம் செய்ய வேண்டிய சோதனை. என் வலது கை ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைத் திரையில் போட்டு, கழுத்தின் கடைசி எலும்பிலிருந்து கொம்புபோல் நீண்டிருந்த ஒரு சிறு எலும்பைப் பேனாவால் காட்டினார். “இது பிறவியிலேயே உங்களிடம் இருந்திருக்கிறது” என்றார்.

அதற்குப் பெயர் கழுத்து விலா. நூறு பேரில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும். அப்படி இருப்பவர்களிலும் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் தொந்தரவு தருகிறது. அந்தத் தொந்தரவுக்குப் பெயர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்.

ஒரு குறுகிய சந்து

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல், ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனி, திரும்பக் கொண்டுவரும் சிரை எல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. ஸ்கேலீன் என்ற கழுத்துத் தசைகள் இரண்டு அங்கே சுவர்போல் நிற்கின்றன. தசை தடித்தாலோ, விபத்தில் இறுகினாலோ, எனக்கு இருந்ததுபோல் கூடுதல் எலும்பு முளைத்திருந்தாலோ சந்து அடைபடுகிறது. கையை உயர்த்தினால் இன்னும் குறுகுகிறது.

நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நசுங்குவது நரம்பு. மிகச் சிலருக்குச் சிரையோ தமனியோ நசுங்குகிறது. கை திடீரென வீங்கி நீலம் பாய்ந்தால், அல்லது வெளுத்துச் சில்லிட்டால், அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நோய் புதிதல்ல. லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஹோம்ஸ் கூட் என்ற அறுவை மருத்துவர் 1861-லேயே கழுத்து விலா ஒன்றை அகற்றியிருக்கிறார். இன்று வழங்கும் பெயர் 1956-ல்தான் வந்தது. அக்குள் வழியாக முதல் விலாவை எடுக்கும் முறையை டேவிட் ரூஸ் 1966-ல் வெளியிட்டார். நான் மூன்று நிமிடம் கையைத் தூக்கி நிற்க முடியாமல் தோற்ற அந்தச் சோதனையும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

அறுக்காமல் முடியுமா?

“கத்தி வைக்காம ஆகாதா?” என்று அம்மா கேட்டார். மருத்துவரும் முதலில் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. ஆறு மாதம் இயன்முறைச் சிகிச்சை என்றார்.

அதில் எனக்கு ஒரு வெட்கம் காத்திருந்தது. மூச்சை நம்பிப் பிழைக்கும் நான் மேல்மார்பால் மூச்சு விடுகிறேன் என்று சிகிச்சையாளர் கண்டுபிடித்தார். அப்படி மூச்சு விட்டால் ஸ்கேலீன் தசைகள்தான் ஒவ்வொரு தடவையும் விலாவைத் தூக்கும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை! வயிற்றால் மூச்சு விடுவது, தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சி, நரம்பை மெதுவாக நகரவிடும் பயிற்சி எல்லாம் செய்தேன். தோள்பையை முதுகுப்பையாக்கினேன். தூக்கம் சற்று மேம்பட்டது. மரமரப்பு போகவில்லை.

இணையத்தில் தேடினேன், எல்லாரும் செய்வதுபோல். விளையாட்டு வீரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மார்க்கெல் ஃபுல்ட்ஸ், 2017-ல் என்பிஏ தேர்வில் முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர், பந்தைக் கூடைக்குள் எறிவதையே மறந்ததுபோல் ஆகிவிட்டார். எல்லாம் மனப் பிரச்சினை என்று பேசினார்கள். 2018 டிசம்பரில்தான் இந்த நோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை இல்லாமல், பயிற்சியாலேயே அடுத்த பருவத்தில் ஆடுகளம் திரும்பினார். பேஸ்பால் வீரர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2021 ஜூலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் அவரால் ஒரே ஒரு பெரிய ஆட்டத்தில்தான் பந்து வீச முடிந்தது. 2024-ல் ஓய்வு பெற்றார். ஆனால் 2020-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மெரில் கெல்லி, 2023 உலகத் தொடரில் வென்ற ஆட்டத்தின் பந்து வீச்சாளர்.

மூன்று பேர், மூன்று முடிவு. நள்ளிரவில் கைபேசி வெளிச்சத்தில் இவற்றைப் படித்துப் படித்து நான் எங்கும் போய்ச் சேரவில்லை. அவர்கள் கைக்கும் என் கைக்கும் வேலை வேறு, சந்து அடைபட்ட காரணமும் வேறு.

பள்ளம் விழுந்த மேடு

முடிவை நெருங்கவைத்தவை இரண்டு. ஒன்று, ஊசி. ஸ்கேலீன் தசையில் மரப்பு மருந்து போட்டுப் பார்த்தார்கள். தசை தளர்ந்தால் வலி குறைகிறதா என்று அறியும் சோதனை அது. சில மணி நேரம் என் கை எனக்கே திரும்பக் கிடைத்தது. அன்று மாலை மகளுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தாமல் பின்னினேன். இரவுக்குள் வலி திரும்பிவிட்டது.

இரண்டாவது, 2024 மார்ச்சில் நடந்த சந்திப்பு. மருத்துவர் என் இரு உள்ளங்கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இடது கையில் கட்டைவிரலின் அடிமேடு புடைத்திருந்தது. வலது கையில் அந்த இடத்தில் லேசான பள்ளம். ஒன்றேகால் ஆண்டாக அந்தக் கையோடு வாழ்கிறேன், நான் பார்க்கவே இல்லை. நரம்புச் சோதனையும் அதையே சொன்னது.

“வலிக்காக மட்டும் என்றால் நீங்கள் காத்திருக்கலாம்” என்றார். “தசை கரையத் தொடங்கினால் காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. கரைந்தது முழுதாகத் திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன். மேலும் கரையாமல் தடுக்கப் பார்க்கிறோம்.”

அதுவரை என் மனத்தில் இருந்த கேள்வி, ‘சரியாகிவிடுமா?’ என்பது. அதற்கு அவரிடம் பதில் இல்லை, நேர்மையான எந்த மருத்துவரிடமும் இருக்காது. வீட்டுக்கு வந்து கேள்வியை மாற்றி எழுதினேன். எதைக் காப்பாற்ற எதைப் பணயம் வைக்கிறேன்?

அடுத்த தடவை அந்தத் தாளோடு போனேன். “என் வேலை பேசுவது. கழுத்தில் அறுத்தால் குரலுக்கு என்ன ஆகும்?”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரல் நரம்புக்கு ஆபத்து மிகக் குறைவு என்றார். நான் கேட்காத ஒன்றை அவரே சொன்னார். மூச்சு. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, அவர் வெட்டியெடுக்கப் போகும் ஸ்கேலீன் தசையின் மேலேயே இறங்குகிறது. அதைக் கவனமாக ஒதுக்கித்தான் உள்ளே போக வேண்டும். ஒதுக்கும்போது இழுபட்டால் ஒரு பக்க உதரவிதானம் சில காலம் வேலை செய்யாது. பெரும்பாலும் திரும்பிவிடும். எப்போதாவது திரும்பாமலும் போகலாம்.

“மற்றவர்கள் படியேறும்போதுதான் அதை உணர்வார்கள். நீங்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் உணர்வீர்கள்” என்றார்.

அக்குள் வழியாகப் போனால்? அந்த நரம்பு அவ்வளவு அருகில் இல்லை. ஆனால் கழுத்து விலாவையும் தசையையும் நரம்புப் பின்னலையும் கண்ணால் பார்த்து வேலை செய்யக் காறை எலும்புக்கு மேலுள்ள வழிதான் என் விஷயத்தில் நல்லது என்றார். கையா, மூச்சா என்பதல்ல, இது கைக்காக மூச்சைக் கொஞ்ச காலம் அடகு வைப்பது என்று புரிந்தது.

அன்றிரவு அம்மாவும் கணவரும் நானும் சமையலறையில் உட்கார்ந்தோம். கணவர் கணக்குப் பார்த்தார். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப், கூடுதல் காப்புறுதி, அறுபது நாள் மருத்துவமனை விடுப்பு, அதில் அடங்கும் பதினான்கு நாள் சாதாரண மருத்துவ விடுப்பு. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எலும்பை எடுத்துட்டா அந்த எடத்துல என்ன வைப்பாங்க?” என்றார்.

“ஒன்னும் வைக்கமாட்டாங்கம்மா.”

“காலியாவா விடுவாங்க?”

“காலியா விடத்தான் எடுக்குறாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப சரி. வீட்டுல நான் இருக்கேன்” என்றார். அம்மா ‘சரி’ என்றது எலும்புக்கு மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். அந்த அறுபது நாளும் சமையல், துணி, பிள்ளை எல்லாம் அவர் தலையில்தான்.

மூச்சு திரும்பிய கதை

2024 ஜூன் 23-ல் எங்கள் மரீன் பரேட் எம்ஆர்டி நிலையம் திறந்தது. காத்தோங்வாசிகள் பல ஆண்டு காத்திருந்த ரயில். முதல் வாரத்தில் கைப்பிடியை இடக்கையால் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து அறுவை சிகிச்சை.

சுமார் மூன்று மணி நேரம் எடுத்தது என்றார்கள். காறை எலும்புக்கு மேலே இரண்டு அங்குலத் தையல், நீர் வடியக் குழாய், மூன்று இரவு மருத்துவமனையில். கண் விழித்ததும் விரலைத்தான் அசைத்தேன். அசைந்தது. பேச வாயைத் திறந்தேன். கரகரவென்று யாருடையதோ குரல். பயந்துபோனேன். மயக்கத்தின்போது தொண்டையில் வைத்த சுவாசக் குழாயால் வந்தது, சில நாளில் போய்விடும் என்று தாதி சொன்னார். போய்விட்டது.

போகாதது மூச்சு. மறுநாள் எக்ஸ்ரேயில் வலது உதரவிதானம் ஒரு படி மேலேறி நின்றது. மருத்துவர் மழுப்பவில்லை. “நரம்பு அறுபடவில்லை, கண்ணால் பார்த்தேன். அதிர்ந்திருக்கிறது. திரும்ப வரும் என்று எதிர்பார்க்கிறேன். வாரங்களா மாதங்களா என்று சொல்ல முடியாது.” முன்பே சொல்லியிருந்ததால் அழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

முதல் இரண்டு வாரம் தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடியே தூங்கினேன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. பத்தாம் நாள் கை முன்னைவிட அதிகமாக எரிந்தது. எல்லாம் வீண் என்று கணவரிடம் கத்தினேன். நசுங்கிக் கிடந்த நரம்பு எழும்போது எரியும் என்றார் சிகிச்சையாளர். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று கணக்கும் சொன்னார். என் கழுத்திலிருந்து உள்ளங்கைவரை 70 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்துவிட்டு நாள்காட்டியைப் பார்ப்பதை விட்டேன்.

நடந்தேன். முதலில் புளோக்கின் கீழ்த்தளம். பிறகு ஈஸ்ட் கோஸ்ட் ரோடு. மூன்றாம் வாரம் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயில்வரை. நடக்கும்போதே வாக்கியம் சொல்லிப் பார்ப்பேன். ஒரே மூச்சில் முன்பு நிகழ்ச்சி அறிமுகம் முழுவதும் வரும். இப்போது ஏழு சொல், எட்டுச் சொல். கோயிலில் மூன்று தோப்புக்கரணம் போடவே ஆறாம் வாரம் ஆனது. நடை முடிந்தால் லக்சா. காத்தோங் லக்சாவில் நூடுல்ஸை வெட்டிப் போடுவார்கள், கரண்டி ஒன்றே போதும். குச்சி பிடிக்க முடியாத கைக்கு அதைவிட நல்ல சாப்பாடு ஊரில் இல்லை. இடக்கையால் சாப்பிட்டேன், பிறகு வலக்கையால்.

எட்டாம் வாரம் வேலைக்குத் திரும்பினேன். மூச்சு முழுதாக வரவில்லை. நேரலைக்கு எழுதியதையெல்லாம் உடைத்து எழுதினேன். குட்டி வாக்கியம். நிறுத்தம். அடுத்தது. முதல் வாரம் ஒரு நேயர் அழைத்து, “விடுமுறைக்குப் போயிட்டு வந்து நிதானமாப் பேசுறீங்க, நல்லாருக்கு” என்றார். நன்றி சொன்னேன்.

நான்காம் மாத எக்ஸ்ரேயில் உதரவிதானம் இறங்கியிருந்தது. நீண்ட வாக்கியம் இப்போது வரும். ஆனாலும் குட்டியாகவே எழுதுகிறேன்.

கணக்கில் மீதி

இன்று கை எப்படி என்று கேட்டால், முழுசாக இல்லை. எரிச்சல் போய்விட்டது. இரவில் தூங்குகிறேன். கழியை நீட்டுகிறேன், ஃபேடர் சொன்னபடி கேட்கிறது. மழை நாளில் சுண்டு விரல் நுனி மரக்கும். கட்டைவிரல் மேட்டில் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது, ஆழமாகவில்லை. இதற்குத்தான் நான் கையெழுத்துப் போட்டேன் என்பதால் குறையாகத் தெரியவில்லை. ‘சரியாகிவிடும்’ என்று நம்பிப் போயிருந்தால் இதே கையைப் பார்த்து ஏமாந்திருப்பேன்.

என்னைப் போல் ஒரு முடிவின் முன்னால் நிற்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. வலியைச் சொல்லும்போது விரலைச் சொல்லுங்கள், நிலையைச் சொல்லுங்கள். இயன்முறைச் சிகிச்சையை முழுதாகச் செய்து பாருங்கள், பலருக்கு அதுவே போதும். இந்த அறுவை சிகிச்சையை வழக்கமாகச் செய்பவரிடம் போங்கள், இரண்டாவது கருத்துக் கேட்கத் தயங்காதீர்கள். முக்கியமாக, உங்கள் வேலை என்ன என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தையல்காரருக்கும் ஓட்டுநருக்கும் வீணை வாசிப்பவருக்கும் ஒரே அறுவை சிகிச்சையின் விலை ஒன்றல்ல.

மகளுக்கு இப்போது வயது ஒன்பது. நான் கையைத் தூக்க முடியாமல் கிடந்த அந்த இரண்டு மாதத்தில் ஆயா சொல்லிக்கொடுக்க, தானே சடை பின்னக் கற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் சீப்பை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருகிறாள். இரண்டு பக்கமும் நிறுத்தாமல் பின்னி முடிக்கிறேன். வலது பக்கம் இன்னும் கொஞ்சம் கோணல்தான். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அவிழ்க்காமல் பள்ளிக்குப் போகிறாள்.